யானை அளவு ஸ்லாத்துகள் எங்கே போயின?

1976 ஜூலையில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மேற்குக் கோடியில் இருக்கும் ஒரு சுண்ணாம்புக்கல் குகையிலிருந்து புகை வந்தது. அத்துமீறி உள்ளே நுழைந்த யாரோ வைத்த நெருப்பு. உள்ளே விறகும் இல்லை, புல்லும் இல்லை. எரிந்தது சாணம். பூங்கா ஊழியர்கள் அணைக்கப் பார்த்தும் முடியவில்லை. உமி மூட்டம் போல உள்ளுக்குள்ளேயே கனன்று மாதக்கணக்கில் எரிந்தது.

அந்தக் குகைக்கு ராம்பார்ட் குகை என்று பெயர். அந்தச் சாணத்தைப் போட்டது ஷாஸ்டா தரை ஸ்லாத் என்ற விலங்கு. மரத்தில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே குடும்பம்தான், ஆனால் இது தரையில் நடந்தது. நீளம் ஏறக்குறைய 2.75 மீட்டர். 40,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து, இடையிடையே விட்டுவிட்டு, சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த ஸ்லாத்துகள் அந்தக் குகைக்கு வந்து தங்கியிருக்கின்றன. அவை போட்ட சாணம் அடுக்கடுக்காகச் சேர்ந்து, ஈரமில்லாத காற்றில் அழுகாமல் காய்ந்து கிடந்தது. அப்படி ஒரு சேமிப்பு உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று சொல்லலாம். அதில் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது.

அழிந்துபோன விலங்குகளைப் பற்றிப் பல வருடங்களாக வாசித்துவருகிறேன். மாமூத், டோடோ, டாஸ்மேனியப் புலி எல்லாமே மனதைப் பிசைபவைதான். ஆனால் இந்தக் குகை எரிந்த கதையை வாசித்தபோது வந்த ஆற்றாமை வேறு எதற்கும் வந்ததில்லை. எலும்பு ஒரு விலங்கின் உருவத்தைத்தான் சொல்லும். சாணம் அது இன்ன நாள், இன்ன செடியைத் தின்றது என்று சொல்லும். அதையும் கொளுத்திவிட்டோம்.

நல்லவேளையாக நெருப்புக்கு முன்பே கொஞ்சம் சாணம் ஆய்வகங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. காய்ந்த உருண்டைகளைப் பிரித்து, நார்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் குளோப்மேலோ என்ற பாலைவனச் செடி, நம் ஊர்த் துத்தியின் குடும்பம்தான், ஆரஞ்சு நிறத்தில் பூக்கும். அடுத்து எபெட்ரா. அப்புறம் உப்புமண்ணில் வளரும் புதர்கள், ஒருவகை வேலமரம், நாணல், கொஞ்சம் யுக்கா. இதில் முக்கியமான விஷயம், இந்தச் செடிகள் எல்லாம் இன்றைக்கும் அந்தப் பகுதியில் வளர்கின்றன. ஸ்லாத் ஏன் அழிந்தது என்ற கேள்விக்கு, 'தீனி கிடைக்காமல்' என்ற பதில் இந்தக் குகையில் எடுபடவில்லை. தீனி வெளியே இருக்கிறது, தின்பதற்குத்தான் ஆளில்லை.

பக்கத்து மாநிலமான நெவாடாவில் ஜிப்சம் குகை என்று இன்னொன்று உண்டு. அங்கே கிடைத்த, சுமார் 20,000 ஆண்டுப் பழமையான சாண உருண்டையிலிருந்து 1998ல் ஹென்ட்ரிக் போய்னார் குழுவினர் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்தார்கள். முதலில் ஒன்றும் வரவில்லை. சர்க்கரையும் புரதமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு டிஎன்ஏவை உள்ளே பூட்டி வைத்திருந்தன. அந்தப் பின்னலை அறுக்கும் வேதிப்பொருளைச் சேர்த்ததும் பூட்டுத் திறந்தது. அந்த உருண்டையைப் போட்ட விலங்கின் டிஎன்ஏவும் கிடைத்தது, அது தின்ற செடிகளின் டிஎன்ஏவும் கிடைத்தது. ராம்பார்ட்டில் எரிந்ததை எண்ணும்போதெல்லாம் இந்த 1998 என்ற வருடமும் கூடவே வந்து நிற்கிறது. 22 வருடம் பொறுத்திருந்தால் அந்தக் குகை முழுவதையும் இப்படி வாசித்திருக்கலாம்.

சரி, இந்த விலங்குகள் எங்கிருந்து வந்தன?

தென் அமெரிக்கா பல கோடி ஆண்டுகள் தனித்தீவாக இருந்த கண்டம். வடக்கே பனாமா நிலப்பாலம் கிடையாது, சுற்றிலும் கடல். வெளியாட்கள் அதிகம் வராத அந்தப் பெரிய தீவில் ஒரு தனிக் கூட்டம் பரிணமித்தது. அதன் வாரிசுகள் இன்று மூன்று வகை: ஆர்மடில்லோ, எறும்புதின்னி, ஸ்லாத். (நம் ஊர் அழுங்கை எறும்புதின்னி என்று சொல்வோம், அது முற்றிலும் வேறு கிளை.) ஸ்லாத்துகளின் கதை ஏறக்குறைய 3.5 கோடி ஆண்டு நீளமானது. இன்று மிச்சமிருக்கும் மரவாசிகளைப் பார்த்து, ஸ்லாத் என்றாலே மரம்தான், தரையில் நடந்தவை ஏதோ விதிவிலக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மை தலைகீழ். அந்த 3.5 கோடி ஆண்டில் பெரும்பாலான ஸ்லாத்துகள் தரையில்தான் வாழ்ந்தன. மரம்தான் விதிவிலக்கு.

உலகம் குளிர்ந்து காடுகள் விலகிப் புல்வெளிகள் பரவியபோது, தரையில் இருந்தவற்றில் பல பெருக்கத் தொடங்கின. பெரிய உடம்பு குளிரைத் தாங்கும், சத்துக்குறைந்த தீனியைச் சமாளிக்கும், தண்ணீர் தேடித் தொலைதூரம் நடக்கும், எதிரியையும் யோசிக்க வைக்கும். இந்தப் போக்கின் உச்சம் அர்ஜென்டினாவின் பாம்பாஸ் சமவெளியில் வாழ்ந்த மெகாதீரியம். மூக்கிலிருந்து வால்வரை சுமார் 6 மீட்டர், எடை ஏறத்தாழ 4 டன். வளைந்த நகங்கள் நீளமானவை என்பதால் பாதத்தை முழுதாகத் தரையில் பதிக்க முடியாது. பாதத்தின் வெளிப்பக்க ஓரத்தை ஊன்றித்தான் நடந்தது. பின்னங்காலிலும் தடித்த வாலிலும் முக்காலி போட்டு நிமிர்ந்து, கிளையை வளைத்துத் தின்றது. இதன் நெருங்கிய உறவான எரிமோதீரியம் பிரேசிலில் இருந்து ஃபுளோரிடா, ஜார்ஜியா வரை பரவியிருந்தது. மெகலோனிக்ஸ் என்ற இன்னொன்று அலாஸ்கா, யூகான் வரை போயிற்று. வெப்பமண்டலத்து விலங்கின் வம்சம் ஆர்க்டிக் வாசல் வரை நடந்திருக்கிறது! சோம்பேறி என்று பெயர் எடுத்த குடும்பத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பெரும்பாலானோர் கேள்விப்படாத ஒரு ஸ்லாத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பெரு நாட்டின் தெற்குக் கடற்கரை, மழையே பார்க்காத பாலைவனம். அங்கே பிஸ்கோ பாறைப்படிவத்தில் திமிங்கிலம், கடல்நாய், சுறாப்பல் இவற்றோடு கலந்து ஸ்லாத் எலும்புகள் கிடைத்தன. ஆற்றில் அடித்து வந்த ஓரிரண்டு பிணங்கள் என்று தள்ளிவிட முடியாத அளவு நிறையக் கிடைத்தன. 1995ல் கிறிஸ்டியன் டி முய்சோனும் கிரெகரி மெக்டொனால்டும் இதற்குத் தாலசோக்னஸ் என்று பெயரிட்டு விவரித்தார்கள்: கடலில் மேய்ந்த ஸ்லாத். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து இனங்கள், பல லட்சம் ஆண்டு இடைவெளிகளில். முந்தைய இனங்களின் பற்களில் மணல் உரசிய கீறல்கள் நிறைய. அவை கரையோரம் அலையடிக்கும் இடத்தில் கடற்புல் மேய்ந்தவை. பிந்தியவற்றில் அந்தக் கீறல் குறைகிறது, ஆழத்துக்குப் போய்விட்டன. எலும்புகள் இனத்துக்கு இனம் கனத்துக்கொண்டே போகின்றன. உள்ளே குழிவே இல்லாத அளவுக்கு இறுகிய எலும்பு, தண்ணீரில் மிதக்காமல் மூழ்கி நிற்பதற்கு. கடற்பசுவிடம் இருக்கும் அதே ஏற்பாடு. கரையில் புல்கூட முளைக்காத இடத்தில், பசித்த விலங்கு கடலுக்குள் கால் வைத்தது; அதன் சந்ததி மெல்ல மெல்லக் கடல்வாசியாயிற்று. பரிணாமத்தை யாருக்காவது விளக்க வேண்டியிருந்தால் இதைத்தான் எடுத்துச் சொல்வேன். படிப்படியாக, ஒரே இடத்தில், ஒரே வம்சத்தில், பல்லிலும் எலும்பிலும் எழுதி வைத்திருக்கிறது.

மனிதர்கள் இவற்றைக் கண்டுபிடித்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1780களின் கடைசியில் அர்ஜென்டினாவின் லூஹான் ஆற்றங்கரையில் கிடைத்த எலும்புக்கூடு ஒன்று கப்பலேறி மாட்ரிட் போனது. அதன் படங்களை மட்டும் பார்த்து, 1796ல் பாரிஸில் இருந்த இளைஞர் குவியே இது ஸ்லாத்தின் உறவு என்று கண்டுபிடித்து மெகாதீரியம் என்று பெயர் வைத்தார். 1797ல் தாமஸ் ஜெஃபர்சன், அமெரிக்கத் துணை அதிபராகப் பதவியேற்ற அதே மாதத்தில், வர்ஜீனியாவின் மேற்குப் பக்கக் குகை ஒன்றில் கிடைத்த நகங்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அது சிங்கம் போன்ற பெரிய மாமிசபட்சிணி என்பது அவர் எண்ணம். அந்த விலங்கு மேற்கே எங்கோ இன்னும் உயிரோடு இருக்கலாம் என்றும் நம்பினார். அதுதான் மெகலோனிக்ஸ். இந்தக் குழப்பம் அந்தக் காலத்தில் சகஜம். 1791ல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேயர் நம் நாட்டுக் கரடியின் நீண்ட நகங்களையும் மேல்வரிசையில் முன்பல் இரண்டு குறைவாக இருப்பதையும் பார்த்து, அதை ஸ்லாத் வகையில் சேர்த்துவிட்டார். முதுமலையில் புற்றைத் தோண்டித் திரியும் கரடிக்கும் ஸ்லாத்துக்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் அது இன்றுவரை ஸ்லாத் கரடிதான்.

1832ல் 23 வயது டார்வின், அர்ஜென்டினாவில் பாஹியா பிளாங்காவுக்குப் பக்கத்தில் புன்டா ஆல்டா என்ற இடத்தில் கடலோரப் பாறையிலிருந்து தரை ஸ்லாத் எலும்புகளைப் பெயர்த்தெடுத்தார். அவற்றுள் ஒன்றுக்குப் பின்னாளில் ரிச்சர்ட் ஓவன் மைலோடான் டார்வினி என்று பெயரிட்டார். ஒரு நிலத்தில் இன்று வாழும் விலங்குகளுக்கும் அதே மண்ணில் புதைந்திருப்பவற்றுக்கும் உறவு இருக்கிறதே, ஏன் என்ற கேள்வி டார்வினைத் துளைத்ததற்கு இந்த எலும்புகளும் ஒரு காரணம்.

அந்த மைலோடான்தான் 1895ல் எல்லோரையும் ஏமாற்றியது. சிலி நாட்டின் தென்கோடியில், புவெர்ட்டோ நடாலெஸ் அருகே, ஹெர்மன் எபர்ஹார்ட் என்ற ஜெர்மானியக் குடியேறி ஒரு பெரிய குகையில் தோல் துண்டு ஒன்றைக் கண்டெடுத்தார். செம்பழுப்பு மயிர் அப்படியே இருந்தது. தோலுக்குள் பதிந்து, கூழாங்கல் மாதிரி சின்னச் சின்ன எலும்புத் துணுக்குகள். கவசம் உள்ளேயே! பார்ப்பதற்கு அண்மையில் உரித்த தோல் போலவே இருந்ததால், விலங்கு இன்னும் பட்டகோனியாவில் எங்கோ நடமாடுகிறது என்று அறிவியலாளர்களே நம்பினார்கள். 1900ல் லண்டன் பத்திரிகை ஒன்று பணம் கொடுத்து ஹெஸ்கெத் பிரிச்சர்டை அனுப்பியது. அவர் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். குகையின் குளிரும் வறட்சியும் அந்தத் தோலை 10,000 ஆண்டுகளுக்கும் மேலாகக் கெடாமல் வைத்திருந்தன.

அதே மைலோடானின் மயிர் 2021ல் இன்னொரு செய்தி சொன்னது. மயிரில் உள்ள அமினோ அமிலங்களின் நைட்ரஜன் ஐசோடோப்புகளை (எதைத் தின்றது என்று காட்டிக்கொடுக்கும் அணு வகைகள்) அளந்து பார்த்தால், அது சுத்த சைவம் இல்லை. மாமிசமோ முட்டையோ ஏதோ ஒன்றைச் சேர்த்துத் தின்றிருக்கிறது. இதுவும் அந்தத் தோல் பிழைத்ததால் தெரிந்தது.

இனி அழிவுக்கு வருவோம். இங்கே எனக்கு ஒரு தீர்மானமான கருத்து இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை: இவற்றை அழித்தது மனிதர்கள்தான்.

பனியுகம் முடிந்தபோது தட்பவெப்பம் புரண்டது, தாவரங்கள் இடம் மாறின, பெரிய விலங்குகள் தாக்குப்பிடிக்கவில்லை என்பது எதிர்த் தரப்பு. இதைச் சொல்பவர்கள் கெட்டிக்காரர்கள்தான், சில விலங்குகளுக்கு இது பொருந்தவும் செய்யும். ஆனால் பனியுகம் ஒரே ஒரு முறை வந்துபோனதல்ல. கடந்த சில லட்சம் ஆண்டுகளில் மாறிமாறி வந்தது. ஒவ்வொரு முறையும் பனி ஏறி இறங்கியது, ஸ்லாத்துகள் பிழைத்தன. கடைசி முறை மட்டும் பிழைக்கவில்லை. அந்த முறை என்ன புதிதாக இருந்தது? ராம்பார்ட் சாணத்தோடு பல்லாண்டு கழித்த பால் மார்ட்டின் இந்தக் கேள்வியை 1960களிலிருந்து விடாமல் கேட்டார்: ஈட்டியோடு வந்த மனிதன்தான் புதிது. 2025ல் சயன்ஸ் இதழில் ஆல்பர்ட்டோ போஸ்கைனி குழுவினர் எழுதிய ஆய்வும் ஸ்லாத் வம்சம் முழுவதையும் அளந்துவிட்டு இதே பக்கம்தான் சாய்கிறது: சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய அந்த வேகமான அழிவைத் தட்பவெப்பத்தால் விளக்க முடியவில்லை.

நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸில் பழைய ஏரிப்படுகை ஒன்றில் காலடித் தடங்கள் இருக்கின்றன. அவரை விதை வடிவில் நீண்டு வளைந்த ஸ்லாத் தடம். அதற்குள்ளே ஒரு மனிதப் பாதம். அடுத்த தடத்திலும் அப்படியே. மனிதன் வழக்கமாக எடுத்துவைக்கும் அடியைவிட ஸ்லாத் எடுத்துவைக்கும் அடி நீளம். அப்படியும் எட்டிப்போட்டு அந்தத் தடத்திலேயே கால் வைத்திருக்கிறார்கள். மனிதத் தடம் இல்லாத இடங்களில் ஸ்லாத்தின் பாதை நேராகவோ மெதுவாக வளைந்தோ போகிறது. மனிதத் தடம் சேரும் இடங்களில் சட்டென்று திரும்புகிறது. சில இடங்களில் ஸ்லாத் பின்னங்காலில் எழுந்து நின்று, சுற்றிச் சுழன்று, முன்கை நகமும் முட்டியும் தரையில் குத்திய அடையாளம் வட்டமாக இருக்கிறது. எதிரியைப் பார்த்து எழுந்து கையை வீசும் விலங்கு. 2018ல் வெளிவந்த இந்த ஆய்வின் தட வரைபடத்தை நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். இதில் வேட்டை முடிந்ததா என்பது பதிவாகவில்லை.

முடிந்த வேட்டை அர்ஜென்டினாவின் கம்போ லபோர்டேயில் இருக்கிறது. ஒரு சதுப்பின் ஓரம், ஒரு மெகாதீரியம், கூடவே கல்லாயுதங்கள், வெட்டுக்காயம் பட்ட ஒரு விலா எலும்பு. முன்பு அளந்த தேதிகள் இந்த விலங்கைப் பனியுகத்துக்கு மிகவும் பின்னால் கொண்டுவந்து வைத்தன. அப்படியானால் மனிதர்களோடு வெகுகாலம் சேர்ந்து வாழ்ந்தது என்றாகும். 2019ல் குஸ்தாவோ பொலிட்டிஸ் குழுவினர், மண்ணின் கரிமம் கலந்து தேதியைக் குழப்பியிருந்ததைக் கண்டு, எலும்புப் புரதத்தைச் சுத்தம் செய்து மறுபடி அளந்தார்கள். சுமார் 12,600 ஆண்டுகள் என்று வந்தது. நீண்டகாலச் சகவாழ்வுக்கு இருந்த ஒரு பெரிய சான்று அதோடு போயிற்று.

இவை எல்லாவற்றையும்விட என்னை ஒப்புக்கொள்ள வைத்தது கரீபியன் தீவுகள். கியூபாவிலும் ஹிஸ்பானியோலாவிலும் தரை ஸ்லாத்துகள் இருந்தன. கியூபாவின் மெகலோக்னஸ் கரடி அளவு. பனி உருகிக் கடல்மட்டம் உயர்ந்தபோது கண்டத்தைவிடத் தீவுகளுக்குத்தான் அடி அதிகம், நிலமே சுருங்கிற்று. தட்பவெப்பம்தான் கொலையாளி என்றால் இவை முதலில் போயிருக்க வேண்டும். போகவில்லை. கண்டத்து ஸ்லாத்துகள் போய் பல ஆயிரம் ஆண்டு கழித்தும் இவை அங்கே மேய்ந்துகொண்டிருந்தன. சிந்துவெளியில் நகரங்கள் எழுவதற்குச் சற்று முன்னால்வரை, இன்றைக்குச் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்புவரை. அந்தத் தீவுகளுக்கு மனிதர்கள் படகில் வந்து சேர்ந்ததும் ஏறக்குறைய அந்தக் காலம்தான். டேவிட் ஸ்டெட்மன் குழுவினர் 2005ல் இந்தத் தேதிகளை வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, தீவுகள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். பனி எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் உருகியது. ஸ்லாத்துகளோ மனிதன் வந்த வரிசையில் மறைந்தன.

எதிர்வாதம் ஒன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிரேசிலின் சாண்டா எலினாவில் கிளாஸோதீரியம் என்ற ஸ்லாத்தின் தோலெலும்புகள் துளையிட்டு, மெருகேற்றிக் கிடைத்திருக்கின்றன. கழுத்தில் தொங்கவிடுவதற்காக இருக்கலாம். வயது ஏறத்தாழ 27,000 ஆண்டுகள் என்கிறார்கள். ஒயிட் சாண்ட்ஸிலேயே வேறு மனிதத் தடங்களுக்கு 21,000 முதல் 23,000 ஆண்டு வரை வயது சொல்லப்படுகிறது. அப்படியானால் மனிதனும் ஸ்லாத்தும் வெகுகாலம் ஒரே நிலத்தில் இருந்திருக்கிறார்கள், உடனே அழித்துவிடவில்லை. இதை ஏற்பதில் எனக்குச் சங்கடமில்லை. நாலைந்து குடும்பங்கள் ஒரு கண்டத்தில் சுற்றுவது வேறு, ஊர் ஊராகப் பெருகுவது வேறு. இன்றுள்ள ஸ்லாத்துகள் ஒரு சமயத்தில் ஒரே ஒரு குட்டிதான் போடுகின்றன. பல டன் எடையுள்ள விலங்கு அதைவிட வேகமாகப் பெருகியிருக்க வாய்ப்பில்லை. அப்படிப்பட்ட விலங்கை ஒழிக்க நாள்தோறும் கொன்று குவிக்க வேண்டியதில்லை. பிறப்பதைவிட ஆண்டுக்குச் சில கூடுதலாக விழுந்தால், சில நூறு ஆண்டுகளில் கணக்கு முடிந்துவிடும். கொன்றவர்களில் ஒருவருக்குக்கூடத் தெரிந்திருக்காது.

மிஞ்சியவை மரத்தில் இருந்தவைதான். அவையும் இரண்டு தனித்தனி கிளைகள். பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும் மூவிரல் ஸ்லாத்தும் இருவிரல் ஸ்லாத்தும் சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை என்று 2019ல் பழைய புரதங்களையும் டிஎன்ஏவையும் வாசித்தவர்கள் காட்டினார்கள். இருவிரல் ஸ்லாத்துக்கு நெருங்கிய உறவு மூவிரல் ஸ்லாத் இல்லை, பட்டகோனியக் குகையில் தோலை விட்டுப்போன மைலோடான். மூவிரல் ஸ்லாத் மெகாதீரியத்தின் பக்கத்து வம்சம். இரண்டும் தனித்தனியாக மரமேறி, தனித்தனியாகத் தலைகீழாகத் தொங்கக் கற்றுக்கொண்டவை. அலாஸ்கா வரை நடந்தது, பாம்பாஸில் மேய்ந்தது, கியூபாவில் தங்கியது என்று மனிதன் வந்தபோது தரையில் இருந்த ஒன்றுகூட இன்று இல்லை. கைக்கு எட்டாத கிளையில், இலைக்கூட்டத்துக்குள், அசையாமல் இருந்த அந்த இரண்டு கிளைகள் மட்டும் இருக்கின்றன. அவற்றிலும் பனாமாவின் எஸ்குடோ தே வெராகுவாஸ் என்ற குட்டித் தீவில் மட்டும் வாழும் குள்ள ஸ்லாத், கரையோர அலையாத்திக் காடுகளை நம்பிப் பிழைக்கிறது. 2001ல்தான் அதைத் தனி இனமாக விவரித்தார்கள். இப்போதே அது மிக ஆபத்தான நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது.